கன்சோல் புரோகிராமிலிருந்து தனி த்ரெட்டில் விண்டோ திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்புத் திரையில் ஒரு கன்சோல் புரோகிராம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு விண்டோவில் கிராஃபோ படமோ நிலவரமோ தெரிய வேண்டும். இதைச் செய்யப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் விண்டோஸ், சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸ் (விண்டோவை ஃபார்ம் என்று அழைக்கும் டாட்நெட் லைப்ரரி) வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பைத்தான், ஜாவா, மேக், லினக்ஸ் பின்னால் வருகின்றன.

ஃபார்மை உருவாக்கி ஷோ கொடுத்தேன். விண்டோ வருகிறது, ஆனால் உள்ளே வெறும் வெள்ளை. கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

மெசேஜ் லூப் இல்லை, அதுதான் காரணம். விண்டோஸில் ஒவ்வொரு விண்டோவும் அதை உருவாக்கிய த்ரெட்டுக்கு (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை இழைக்கு) சொந்தம். மவுஸ் கிளிக், கீ அழுத்தம், "உன்னை மறுபடி வரைந்துகொள்" என்ற உத்தரவு எல்லாம் அந்த த்ரெட்டின் மெசேஜ் வரிசைக்குத்தான் போகும். அந்த த்ரெட் கெட்மெசேஜ், டிஸ்பேட்ச்மெசேஜ் என்று ஒரு லூப்பில் சுற்றி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தால்தான் விண்டோவுக்கு உயிர். உங்கள் மெயின் (புரோகிராம் தொடங்கும் ஃபங்ஷன்) ஷோ கொடுத்துவிட்டு அடுத்த வரியில் ரீட்லைனில் போய் உட்கார்ந்துவிட்டது. கடிதங்கள் பெட்டியில் விழுந்துகொண்டே இருக்கின்றன, எடுக்க ஆளில்லை.

ஒரு த்ரெட் 5 வினாடி வரை வரிசைப் பக்கமே வராவிட்டால் விண்டோஸ் அதை ஹேங் ஆனதாக எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பி காலத்திலிருந்து அந்த இடத்தில் ஒரு போலி விண்டோவை வைத்து, தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எழுதிவிடுகிறது. நீங்கள் பிடித்து நகர்த்துவது அந்தப் போலியைத்தான்.

ஷோவுக்குப் பதில் ஷோடயலாக் கொடுத்தால் விண்டோ ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் அது தனக்குள்ளேயே ஒரு லூப்பை ஓட்டுகிறது. அப்ளிகேஷன்.ரன் செய்வதும் இதேதான். ஆனால் இரண்டுமே விண்டோ மூடும் வரை அடுத்த வரிக்குப் போகாது. கன்சோல் வேலை நின்றுவிடும். அதனால்தான் த்ரெட் பேச்சே வருகிறது.

சரி, தனி த்ரெட்டில் திறக்கக் குறைந்தபட்சம் என்ன எழுத வேண்டும்?

ஒரு த்ரெட் ஆப்ஜெக்ட். அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷனுக்குள் ஃபார்மை நியூ செய்து, அதையே அப்ளிகேஷன்.ரன்னுக்குக் கொடுங்கள். ஸ்டார்ட் கொடுப்பதற்கு முன் அந்த த்ரெட்டில் செட்அபார்ட்மென்ட்ஸ்டேட்டைக் கூப்பிட்டு எஸ்டிஏ (ஒற்றை த்ரெட் அபார்ட்மென்ட்) என்று அமைத்துவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. ஓட ஆரம்பித்த பிறகு மாற்ற முடியாது, எக்செப்ஷன் வரும். எனேபிள்விஷுவல்ஸ்டைல்ஸ் வேண்டுமென்றால் முதல் விண்டோ பிறப்பதற்கு முன்பே கூப்பிட்டாக வேண்டும்.

இன்னொன்று, புராஜெக்ட் ஃபைல். டார்கெட் ஃப்ரேம்வொர்க்கில் பின்னால் ஹைஃபன் விண்டோஸ் சேர்க்க வேண்டும், யூஸ்விண்டோஸ்ஃபார்ம்ஸ் ட்ரூவாக இருக்க வேண்டும். டாட்நெட் 5 எஸ்டிகேயில், இப்படி அமைத்த புராஜெக்ட்டின் அவுட்புட் டைப்பைத் தானாகவே வின்எக்ஸ்இ (கன்சோல் இல்லாத வகை) ஆக்கிவிடும் வழக்கம் இருந்தது, டாட்நெட் 6இல் அதை எடுத்துவிட்டார்கள். கன்சோலே திறக்கவில்லை, ரைட்லைன் எதுவும் தெரியவில்லை என்றால் முதலில் அவுட்புட் டைப்பைச் சந்தேகப்படுங்கள்.

ஃபார்மை மெயினிலேயே உருவாக்கிவிட்டு, ரன்னை மட்டும் அந்த த்ரெட்டில் கூப்பிடலாமா? எனக்கு வேலை செய்கிறதே?

வேலை செய்யும், நாலு நாளைக்கு. வின்ஃபார்ம்ஸில் ஃபார்ம் ஆப்ஜெக்ட் வேறு, உண்மையான விண்டோ வேறு. நியூ கொடுக்கும்போது பிறப்பது ஆப்ஜெக்ட் மட்டும். விண்டோஸ் அறிந்த ஹேண்டில் (உண்மையான விண்டோவின் அடையாளம்) பெரும்பாலும் ஃபார்ம் முதன்முதலில் திரைக்கு வரும்போதுதான் பிறக்கிறது. எளிய ஃபார்மாக இருந்தால் ரன் கூப்பிட்ட த்ரெட்டிலேயே ஹேண்டில் பிறந்து, எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். நாளைக்கு யாரோ ஒருவர் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே ஹேண்டிலைத் தொடும் ஒரு கன்ட்ரோலைச் சேர்ப்பார். அந்த ஹேண்டில் மெயின் த்ரெட்டில் பிறந்துவிடும், லூப் ஓடுவதோ வேறு த்ரெட்டில்.

இதைவிடத் தந்திரமான ஒன்றும் உண்டு. எந்தக் கன்ட்ரோலை நியூ செய்தாலும், அந்த த்ரெட்டில் வின்ஃபார்ம்ஸ் தன்னுடைய சிங்க்ரனைசேஷன் கான்டெக்ஸ்ட்டை (மிச்ச வேலை எந்த த்ரெட்டில் தொடர வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) அமைத்துவிடுகிறது. மெயினில் ஃபார்மை உருவாக்கினால் மெயினுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். அதன்பின் மெயினில் ஒரு அவெய்ட் (ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வரியிலிருந்து தொடரச் சொல்வது) வருகிறது என்று வையுங்கள். வேலை முடிந்ததும் மிச்ச நிரல் அந்தக் கான்டெக்ஸ்ட் வழியாக மெயினின் மெசேஜ் வரிசைக்கு அனுப்பப்படும். மெயினில்தான் லூப்பே இல்லையே? அவெய்ட்டுக்கு அடுத்த வரி எந்தக் காலத்திலும் ஓடாது. எக்செப்ஷன் இல்லை, எச்சரிக்கை இல்லை, பிழையே இல்லாத நிரல் நடுவில் நின்றுவிடும். டீபக்கரில் பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது.

எங்கே லூப் ஓடுமோ அங்கேயே ஃபார்மை உருவாக்குங்கள். விதிவிலக்கு தேட வேண்டாம்.

எஸ்டிஏ எதற்கு? அது இல்லாமலும் விண்டோ திறக்கிறதே?

திறக்கும். வின்ஃபார்ம்ஸ் இதில் கொஞ்சம் தாராளம். கிளிப்போர்டில் காப்பி செய்யும்போதோ, ஓப்பன்ஃபைல்டயலாக் திறக்கும்போதோ, ட்ராக் அண்ட் ட்ராப் வைக்கும்போதோ உதை விழும். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது காம் (விண்டோஸின் பாகங்கள் ஒன்றையொன்று பயன்படுத்தும் முறை) என்ற தொழில்நுட்பம். அது ஒற்றை த்ரெட் அபார்ட்மென்ட்டை எதிர்பார்க்கிறது. டபிள்யூபிஎஃப் (டாட்நெட்டின் இன்னொரு விண்டோ லைப்ரரி) இவ்வளவு பொறுமை காட்டாது, விண்டோ கன்ஸ்ட்ரக்டரிலேயே எக்செப்ஷன் எறிந்துவிடும்.

டாஸ்க்.ரன்னில் விண்டோ திறக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: வேண்டாம். டாஸ்க்.ரன் பயன்படுத்தும் த்ரெட்பூல் த்ரெட்டுகள் எல்லாம் எம்டிஏ (பல த்ரெட் அபார்ட்மென்ட்). மேலும் ஒரு விண்டோ மணிக்கணக்கில் திறந்திருக்கும். பூலில் உள்ள த்ரெட்டை அவ்வளவு நேரம் பிடித்துவைப்பது முறையல்ல. மெயினில் எஸ்டிஏத்ரெட் அட்ரிப்யூட் போட்டிருக்கிறேன் என்று நம்பி அவெய்ட்டுக்குப் பிறகு ஃபார்ம் திறப்பவர்களும் கவனிக்க: சாதாரணக் கன்சோல் புரோகிராமில் அவெய்ட்டுக்குப் பின் நீங்கள் இருப்பது பெரும்பாலும் ஒரு பூல் த்ரெட்டில்.

கன்சோல் பக்கமிருந்து லேபிளின் டெக்ஸ்ட்டை மாற்றினால் "க்ராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்" என்கிறது. நண்பர் செக்ஃபார்இல்லீகல்க்ராஸ்த்ரெட்கால்ஸை ஃபால்ஸ் ஆக்கச் சொன்னார்.

அந்த நண்பர் நெருப்பை விட்டுவிட்டு மணியை அணைக்கச் சொல்கிறார். அந்தச் சோதனை டீபக்கர் இணைந்திருக்கும்போது மட்டும்தான் இயல்பாக ஓடுகிறது. டீபக்கர் இல்லாமல் ஓட்டினால் அதே தவறு சத்தமில்லாமல் நடக்கும். சில நேரம் சரியாகத் தெரியும், சில நேரம் பாதி வரைந்து நிற்கும். உங்கள் கணினியில் எக்செப்ஷன் வருவது நல்லதே.

சரியான வழி, விண்டோவைத் தொடும் வேலையை விண்டோவின் த்ரெட்டிடமே ஒப்படைப்பது. இன்வோக் என்றால் வேலை முடியும் வரை காத்திருக்கும். பிகின்இன்வோக் என்றால் வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். நான் எப்போதும் பிகின்இன்வோக் பக்கம்தான். இன்வோக்கில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது: மெயின் த்ரெட் ஒரு லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்தபடி இன்வோக் கூப்பிடுகிறது, விண்டோ த்ரெட் ஒரு பட்டன் கிளிக்கில் அதே லாக்குக்காகக் காத்திருக்கிறது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் நின்றுகொண்டிருப்பார்கள். டெட்லாக். பதில் மதிப்பு உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் மட்டும் இன்வோக்கை வையுங்கள், லாக் எதுவும் கையில் இல்லாமல்.

இன்வோக்ரிக்வயர்டைக் கண்மூடி நம்ப வேண்டாம். ஹேண்டில் இன்னும் பிறக்காத நேரத்தில் அது ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். நீங்களும் "ஓ, நான் சரியான த்ரெட்டில்தான் இருக்கிறேன்" என்று நேரடியாகக் கன்ட்ரோலைத் தொடுவீர்கள். த்ரெட்டை ஸ்டார்ட் கொடுத்த அடுத்த வரியிலேயே லேபிளை மாற்றப் போனால் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஃபார்மின் ஷோன் ஈவென்ட்டில் ஒரு மேனுவல்ரீசெட்ஈவென்ட்டை செட் செய்து, மெயின் அதற்காக வெயிட் செய்யட்டும். இரண்டே வரி. ஸ்லீப் 500 என்று போட்டுச் சமாளிப்பது உங்கள் கணினியில் ஓடும், வாடிக்கையாளரின் பழைய கணினியில் ஓடாது.

சென்சாரிலிருந்து தொடர்ந்து அளவுகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பிகின்இன்வோக் கொடுத்தால் விண்டோ மறுபடி ஹேங் ஆகிறது. இப்போது லூப் ஓடுகிறதே?

ஓடுகிறது, ஆனால் உங்கள் வேலையை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓடுகிறது. வரிசையில் போஸ்ட் செய்த மெசேஜ்களுக்குத்தான் முன்னுரிமை. மவுஸ், கீபோர்டு அதற்குப் பின், மறுவரைவு அதற்கும் பின், டைமர் கடைசி. நீங்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் போஸ்ட் செய்தால் கிளிக்குக்கும் வரைவதற்கும் முறையே வராது.

திசையை மாற்றுங்கள். கன்சோல் பக்கம் வரும் அளவுகளை ஒரு கன்கரன்ட்கியூவிலோ, கடைசி அளவு மட்டும் போதுமென்றால் ஒரே வேரியபிளிலோ போட்டு வைக்கட்டும். ஃபார்மில் 50 அல்லது 100 மில்லிவினாடிக்கு ஒரு டைமர் வைத்து, அது வந்து எடுத்துக்கொள்ளட்டும். வினாடிக்கு 10 முறைக்கு மேல் மாறும் எண்ணை யார் படிக்கப் போகிறார்கள்?

விண்டோவைத் தனி த்ரெட்டில்தான் வைக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, முதலில் கேட்க வேண்டியதே இதுதான். என் கருத்து: பெரும்பாலான புரோகிராம்களில் தனி த்ரெட்டுக்குப் போக வேண்டியது கன்சோல் வேலை, விண்டோ அல்ல. ரீட்லைன், ரைட்லைன், ஃபைல் படிப்பது, சீரியல் போர்ட் கேட்பது எல்லாம் எந்த த்ரெட்டில் ஓடினாலும் கவலைப்படாது. விண்டோ மட்டும்தான் த்ரெட் விஷயத்தில் பிடிவாதக்காரர். பிடிவாதக்காரருக்கு மெயினைக் கொடுத்துவிட்டு, அனுசரித்துப் போகிறவரை நகர்த்துங்கள்.

மெயினில் எஸ்டிஏத்ரெட் போட்டு, கன்சோல் வேலைக்கு ஒரு த்ரெட் உருவாக்கி, இஸ்பேக்ரவுண்டை ட்ரூ ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். பிறகு மெயின் நேராக அப்ளிகேஷன்.ரன்னுக்குப் போகட்டும். இதில் உடனடி லாபம் ஒன்று உண்டு. பழைய அமைப்பில் பயனர் விண்டோவை மூடினாலும் மெயின் ரீட்லைனில் மாட்டிக்கொண்டு நிற்கும், யாராவது என்டர் தட்டினால்தான் புரோகிராம் முடியும். புதிய அமைப்பில் விண்டோ மூடியதும் ரன் திரும்பும், மெயின் முடியும், பேக்ரவுண்டு த்ரெட் ரீட்லைனில் இருந்தாலும் புராசஸ் அடங்கிவிடும்.

தனி த்ரெட் நியாயமாகத் தேவைப்படும் இடமும் உண்டு: மெயின் உங்கள் கையில் இல்லாதபோது. வேறொருவரின் கன்சோல் புரோகிராமுக்குள் ஏற்றப்படும் லைப்ரரி அல்லது ப்ளகின் எழுதுகிறீர்கள் என்றால் வேறு வழியில்லை.

கன்சோலில் சும்மா மவுஸால் கிளிக் செய்தேன். பக்கத்து விண்டோவும் நின்றுவிட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

குயிக்எடிட். பழைய கன்சோல் விண்டோவில் இது இயக்கத்தில் இருந்தால் ஒரு கிளிக்கிலேயே டெக்ஸ்ட் தேர்வு தொடங்கிவிடும். தலைப்பில் "செலக்ட்" என்ற சொல் முன்னால் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். தேர்வு முடியும் வரை கன்சோலில் எழுதும் எவரும் காத்திருக்க வேண்டும். உங்கள் பட்டன் கிளிக்கில், நடந்ததைப் பதிந்து வைக்க ஒரு ரைட்லைன் இருக்கிறது, இல்லையா? விண்டோ த்ரெட் அந்த ரைட்லைனில் நிற்கிறது, லூப் நிற்கிறது, விண்டோ நிற்கிறது. எஸ்கேப் தட்டினால் எல்லாம் ஒன்றும் நடக்காதது போல ஓட ஆரம்பிக்கும். பயனர்கள் "அப்பப்ப ஹேங் ஆகுது சார், ஆனா தானா சரியாயிடுது" என்று புகார் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

விண்டோ த்ரெட்டிலிருந்து கன்சோலுக்கு நேரடியாக எழுதாதீர்கள். கியூவில் போடுங்கள், கன்சோல் த்ரெட் எழுதட்டும்.

கன்சோலின் எக்ஸ் பட்டனை அழுத்தினால் ஃபார்ம்க்ளோசிங் ஓடுவதில்லை. சேவ் செய்ய வேண்டியது போய்விடுகிறது.

ஓடாது. கன்சோலை மூடினால் விண்டோஸ் உங்கள் புராசஸுக்குள் புதிதாக ஒரு த்ரெட் தொடங்கி, கன்ட்ரோல் ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது. அது திரும்பியதும், அல்லது சுமார் 5 வினாடி ஆனதும், புராசஸ் கதை முடிந்தது. ஃபார்மை யாரும் கேட்பதில்லை. செட்கன்சோல்கன்ட்ரோல்ஹேண்ட்லரில் பதிந்துகொண்டு, அதற்குள்ளேயே சேவ் வேலையை முடித்துவிட்டுத் திரும்புங்கள்.

கன்ட்ரோல் சி கொஞ்சம் மரியாதையானது. கேன்சல்கீப்ரெஸ் ஈவென்ட்டில் கேன்சலை ட்ரூ ஆக்கிவிட்டு, பிகின்இன்வோக்கில் ஃபார்மின் க்ளோஸைக் கூப்பிட்டால் எல்லாம் முறைப்படி மூடும். ஒரு முறை மூடிய ஃபார்ம் டிஸ்போஸ் ஆகிவிடும், மறுபடி ஷோ கொடுக்க முடியாது. மறைத்து மறைத்துக் காட்ட வேண்டுமென்றால் ஃபார்ம்க்ளோசிங்கில் கேன்சல் செய்து ஹைட் கொடுங்கள்.

விண்டோ சில நேரம் கன்சோலுக்குப் பின்னால் திறக்கிறதே?

நீங்கள் கன்சோலில் தட்டிய கீ உண்மையில் கன்சோல் ஹோஸ்ட் என்ற வேறொரு புராசஸின் விண்டோவுக்குப் போகிறது. "கடைசியாக இன்புட் பெற்ற புராசஸ்தான் முன்னுக்கு வரலாம்" என்ற விண்டோஸ் விதியில் உங்கள் புரோகிராம் தோற்றுவிடுகிறது, டாஸ்க்பாரில் கண் சிமிட்டுவதோடு சரி. ஷோன் ஈவென்ட்டில் டாப்மோஸ்ட்டை ட்ரூ ஆக்கி, உடனே ஃபால்ஸ் ஆக்குவது வழக்கமான வைத்தியம்.

பல விண்டோ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட்டா?

வேண்டாம், ஒரே யூஐ த்ரெட்டில் எல்லா விண்டோவும் வாழலாம். ரன்னுக்கு ஃபார்மைக் கொடுத்தால் அந்த ஃபார்ம் மூடியதும் லூப் முடிந்துவிடும். அதனால் அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட் ஒன்றைக் கொடுத்து, கடைசி விண்டோ மூடும்போது எக்சிட்த்ரெட் கூப்பிடுங்கள். எக்சிட் அல்ல. எக்சிட் எல்லா த்ரெட்டின் லூப்பையும் நிறுத்தச் சொல்லிவிடும்.

விண்டோவுக்கு ஒரு த்ரெட் என்பதையே அடிப்படையாக வைத்த ஒரு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருந்தது: 1990களின் பிஓஎஸ். அதன் வழித்தோன்றலான ஹைக்குவில் இன்றும் அப்படித்தான். திரை மிக லாகவமாக இயங்கும். ஆனால் ஒரு விண்டோ மற்றதோடு பேச வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் லாக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். சிஸ்டமே அதற்காக வடிவமைக்கப்பட்ட இடத்திலேயே அந்தப் பாடு என்றால், வின்ஃபார்ம்ஸில் அதை வலிந்து செய்வானேன்?

டபிள்யூபிஎஃப் என்றால்?

எல்லாம் இதே கதைதான். தனி எஸ்டிஏ த்ரெட்டில் விண்டோவை உருவாக்கி ஷோ கொடுத்து, டிஸ்பேட்சர்.ரன் கூப்பிடுங்கள். க்ளோஸ்ட் ஈவென்ட்டில் அந்த டிஸ்பேட்சரை ஷட்டவுன் செய்ய மறந்தால் விண்டோ போனபின்னும் லூப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பைத்தானில் டிகேஇன்டர் (விண்டோ லைப்ரரி) வைத்துச் செய்கிறேன். "மெயின் த்ரெட் இஸ் நாட் இன் மெயின் லூப்" என்று ரன்டைம் எரர் வருகிறது.

டிகேயை ஒரு த்ரெட்டில் உருவாக்கி, இன்னொரு த்ரெட்டிலிருந்து தொடுகிறீர்கள். மேலே சொன்ன தலைகீழ் அமைப்பு இங்கே இன்னும் அவசியம்: மெயின்லூப் மெயினில் ஓடட்டும், இன்புட் கேட்பது வேறு த்ரெட்டில் போகட்டும், நடுவில் ஒரு கியூ. டிகேயின் ஆஃப்டரில் 100 கொடுத்து ஒரு ஃபங்ஷனைப் பதிந்து, அது கியூவைக் காலி செய்துவிட்டுத் தன்னையே மறுபடி பதிந்துகொள்ளட்டும்.

கிராஃப் வரையும் மேட்பிளாட்லிப்பும் மெயினுக்கு வெளியே விண்டோ திறந்தால் தோல்வியடையலாம் என்று எச்சரிக்கும். கிராஃப் மட்டும் போதுமென்றால் த்ரெட்டே வேண்டாம், பாஸ் ஃபங்ஷனை இடையிடையே கூப்பிட்டால் ஈவென்ட்டுகள் ஓடிவிடும். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவியில் இம்ஷோவுக்குப் பிறகு வெயிட்கீ கூப்பிடாமல் "படமே வரவில்லை" என்பவர்களுக்கும் நோய் இதுவே. அங்கே வெயிட்கீதான் மெசேஜ் லூப்பின் வேலையைப் பார்க்கிறது.

விண்டோஸில் ஓடியது மேக்கில் க்ராஷ் ஆகிறது.

மேக்கின் விண்டோ லைப்ரரியான ஆப்கிட்டுக்குக் கண்டிப்பு அதிகம். விண்டோவை மெயின் த்ரெட்டில் மட்டும்தான் உருவாக்கலாம். மெயின் என்றால் புராசஸின் முதல் த்ரெட், நீங்கள் மெயின் என்று நினைப்பது அல்ல. ஜிஎல்எஃப்டபிள்யூ போன்ற லைப்ரரிகளும் இதனால்தான் விண்டோ உருவாக்குவதையும் ஈவென்ட் எடுப்பதையும் மெயினுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன. நாளைக்கு மேக்கிலும் ஓட வேண்டும் என்றால் இன்றே தலைகீழ் அமைப்பில் எழுதுங்கள்.

ஜாவாவில் ஸ்விங் என்ற விண்டோ லைப்ரரி தனக்கென ஒரு ஈவென்ட் த்ரெட்டைத் தானே தொடங்கிக்கொள்ளும், அதனால் கன்சோல் மெயினிலிருந்து இன்வோக்லேட்டர் கொடுத்தால் போதும். ஜேஃப்ரேமை மூடினாலும் ஜேவிஎம் முடியவில்லையே என்று குழம்ப வேண்டாம். மூடினால் மறைந்துகொள்வதுதான் அதன் இயல்பு அமைப்பு, டிஸ்போஸுக்கு மாற்றுங்கள். எஸ்டபிள்யூடி, எல்டபிள்யூஜேஜிஎல் ஆகிய ஜாவா லைப்ரரிகளுக்கு மேக்கில் எக்ஸ்ஸ்டார்ட்ஆன்ஃபர்ஸ்ட்த்ரெட் என்ற ஜேவிஎம் ஆப்ஷன் வேண்டும்.

லினக்ஸில்?

எக்ஸ்11 (லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அமைப்பு) நேரடியாகப் பயன்படுத்தினால் எக்ஸ்இனிட்த்ரெட்ஸை எல்லாவற்றுக்கும் முன் கூப்பிட வேண்டியிருந்தது. லிப்எக்ஸ்11 1.8 முதல் அது தானாகவே நடக்கிறது. க்யூட்டி என்ற விண்டோ லைப்ரரி என்றால் அதன் விட்ஜெட்டுகள் (பட்டன், விண்டோ போன்றவை) மெயினில்தான். எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து ஓட்டி "டிஸ்ப்ளே திறக்க முடியவில்லை" என்று வந்தால் அது த்ரெட் பிரச்சினையே அல்ல. எக்ஸ் ஃபார்வர்டிங் இல்லாமல் நுழைந்திருக்கிறீர்கள்.

இதே புரோகிராமை விண்டோஸ் சர்வீஸாக ஓட்டினேன். எரர் இல்லை, விண்டோவும் இல்லை.

விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் செஷன் 0வில் தனியாக ஓடுகின்றன, பயனரின் டெஸ்க்டாப் வேறு செஷனில் இருக்கிறது. விண்டோ திறந்துதான் இருக்கிறது, யாரும் பார்க்க முடியாத இடத்தில். சர்வீஸை சர்வீஸாகவே விட்டுவிட்டு, பயனர் லாகின் செய்யும்போது தொடங்கும் சின்ன விண்டோ புரோகிராம் ஒன்றைத் தனியாக எழுதி, இரண்டையும் நேம்டு பைப் வழியாகப் பேசவிடுங்கள்.